விரல் வைத்த கையுறை

ஈசல்மி
17 ஜனவரி 1940, புதன்கிழமை

அன்புள்ள அவுலிஸ்,

நீ துப்பாக்கியை எந்தத் தோளில் வைத்துச் சுடுகிறாய், வலதிலா இடதிலா? உன்னைப் பெற்றவள், இருபது வருடம் உன்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவள், இதற்குப் பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரமாக யோசித்தும் பார்த்துவிட்டேன், கேட்கக்கூடிய ஆட்களிடம் கேட்டும் பார்த்துவிட்டேன். ஏன் கேட்கிறேன் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

நான் சுகமாக இருக்கிறேன். வீடும் சுகம், அடுப்பும் சுகம், கிணற்றுக் கயிறு மட்டும் உறைந்து இரும்புக் கம்பி மாதிரி நிற்கிறது. பதிலுக்கு உன் சுகத்தைக் கேட்பது வழக்கம். இந்தக் குளிரில் மொத்தமாகக் கேட்கத் தோன்றவில்லை, உன் கைவிரல் பத்தையும் கால்விரல் பத்தையும் தனித்தனியாக விசாரிக்கத் தோன்றுகிறது. இன்று காலை சன்னலுக்கு வெளியே பாதரசம் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டில் நின்றது. இன்னும் ஒரு பாகை இறங்கினால் பாதரசமே உறைந்துவிடும், அதற்குப் பிறகு அந்த வெப்பமானி சொல்வதை நான் நம்பமாட்டேன். அதை வாய்விட்டுப் படித்தேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு இந்த வீட்டுக்குள் மனிதக் குரல் கேட்பது பெரும்பாலும் அந்த ஒரு தடவைதான், காலை ஏழு மணிக்கு, வெப்பமானியின் முன்னால். பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது, எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. சமையலறையில் மட்டும் அடுப்பு மூட்டுகிறேன். உன் அறைக் கதவைச் சாத்தி அடியில் பழைய கம்பளத்தைச் சுருட்டி வைத்திருக்கிறேன். விறகு மிச்சமாகட்டும் என்றுதான், வேறு காரணம் இல்லை.

லெம்பியை உனக்கு நினைவிருக்கும், ரயில் நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருப்பவள், சர்ச்சில் உன் உறுதிப்பூசுதல் நாளுக்குக் கோட்டு தைத்தவள், வாயைத் திறந்தால் மூடாதவள். அவளுடைய அக்கா மகன் ஹுட்டுனென் உன் படைப்பிரிவில் லாரி ஓட்டுகிறான் என்பதே எனக்கு முந்தாநாள்தான் தெரியும். வண்டிக்கு ஏதோ பாகம் உடைந்துவிட்டது என்று ஊருக்கு வந்திருக்கிறான், நாளை மதியம் ஒரு மணிக்குத் திரும்புகிறான். தபாலில் போட்டால் பத்து நாளோ பதினைந்து நாளோ ஆகிறது, சில பொட்டலங்கள் வருவதே இல்லை. இவன் கையில் கொடுத்தால் நாளை இரவே உன்னிடம் சேர்ந்துவிடும். நீ எங்கே இருக்கிறாய் என்று படை விதிப்படி நீ எழுதக் கூடாது, நானும் அவனிடம் கேட்கவில்லை. ஒரு வாரமாக உனக்குப் பின்னிக்கொண்டிருக்கும் கையுறையை அவன் கையில்தான் கொடுக்கப் போகிறேன். அதனால்தான் அந்தக் கேள்வி. லாரி ஓட்டுகிறவன் நீ சுடுவதை எங்கே பார்த்திருக்கப் போகிறான் என்று அதை அவனிடம் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தின் ஓவிய அறைதான் இப்போது ஊரின் தையல் அறை. காலை எட்டு முதல் வெளிச்சம் மறையும் வரை இருபது பெண்கள் உட்கார்ந்திருக்கிறோம். தலைமை தாங்குவது மருந்துக்கடைக்காரரின் மனைவி ஹூஸ்கோனென் அம்மாள். டிசம்பரில் உங்களுக்கெல்லாம் அனுப்பிய, பனியில் மறைந்து நடக்கப் போடும் வெள்ளை உடைகள் நாற்பதும் அங்கே தைத்தவைதான். அந்த நாற்பதின் கதையை நீ அந்தப் பக்கத்திலிருந்து அறிந்திருப்பாய், இந்தப் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். ஊரில் எல்லா வீட்டிலிருந்தும் படுக்கை விரிப்பு கேட்டோம். எல்லா வீட்டிலிருந்தும் இருப்பதில் நல்லது வந்தது, கல்யாணத்துக்குக் கொண்டு வந்தது, மூலையில் பெயரெழுத்துப் பின்னியது. நம் ஊரில் பிறத்தியாருக்குக் கொடுக்கும் துணியைக் கஞ்சி போடாமல், நீலம் போடாமல், உருளையில் விட்டு மொடமொடவென்று தேய்க்காமல் யாராவது கொடுப்பார்களா? போருக்குக் கொடுப்பதானாலும் கொடுக்கமாட்டார்கள். கஞ்சியை அலசிவிட்டுத் தையுங்கள், குளிரில் அது விறைத்துச் சத்தம் போடும், நீலம் பனியில் நீலமாகவே தெரியும் என்று நான் முதல் நாள் ஒரு தடவை சொன்னேன். "டீச்சர், இது உங்க ரசாயன வகுப்பு இல்ல. நம்ம பிள்ளைங்க அழுக்குத் துணி கட்டிட்டா சண்டைக்குப் போகணும்?" என்றாள் ஹூஸ்கோனென் அம்மாள். நான் இரண்டாவது தடவை சொல்லவில்லை. ஒரு தடவைக்கு மேல் எதையும் சொல்லாதது எனக்கு ஒரு பெருமையாக இருந்தது, இப்போது அப்படி நினைக்கவில்லை. முந்தாநாள் ஹுட்டுனென் தையல் அறைக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, இருபது பெண்களையும் பார்த்துச் சொன்னான்: "உடுப்பெல்லாம் ரொம்ப அழகு, தாய்மார்களே. போட்டுட்டுக் காட்டுல நடந்தா ஞாயித்துக்கிழமை பட்டுப்பாவாடை கட்டிட்டு சர்ச்சுக்குள்ள வர்ற மாதிரி ஒரு சத்தம். எதிரி எந்திரிச்சு நின்னு வழி விடுவான்னு பார்த்தோம், சுட்டுட்டான்." யாரும் அடிபடவில்லை என்றும் சேர்த்துச் சொன்னான், ஆனால் அதைக் கொஞ்சம் தாமதித்துச் சொன்னான். ஹூஸ்கோனென் அம்மாள் முகம் வெளுத்துவிட்டது. "என் வீட்டுத் துணியைக் கசங்கலா முப்பது வருஷமா யாரும் பார்த்ததில்ல" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த மேசை விரிப்புகளையும் தூக்கிக்கொண்டு வந்து, தன் கையாலேயே கொதிக்கும் அண்டாவில் அமுக்கினாள். இப்போது பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுவதும் ஊர்த் துணி வேகிறது. அடுத்து வரும் உடைகள் பழுப்பாக, தொளதொளவென்று இருக்கும். அவமானமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையுறை விஷயத்துக்கு வருகிறேன். படையிலிருந்து அச்சடித்த மாதிரித்தாள் ஒன்று வந்திருக்கிறது. ஒரு கைக்குச் சாதாரண உறை, கட்டைவிரல் மட்டும் பிரிந்தது. இன்னொரு கைக்குக் கட்டைவிரலோடு சுட்டுவிரலும் தனியாகப் பிரிந்தது, துப்பாக்கியின் விசையை அழுத்த. இரண்டிலும் கட்டைவிரல் பக்கவாட்டில் இல்லை, பிடி நன்றாக இருக்க வேண்டும் என்று உள்ளங்கைப் பக்கமாகத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆகவே இந்தக் கைக்குப் பின்னியதை அந்தக் கைக்கு மாட்ட முடியாது. மாதிரித்தாளில் விரல் வைத்த உறை வலது கைக்கு. எல்லோரும் அப்படியே பின்னுகிறார்கள். நான் மட்டும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். லெம்பி விழுந்து விழுந்து சிரித்தாள். "டீச்சரம்மா, படையில இடது கை வலது கைன்னு உண்டா? கேட்டா சார்ஜென்ட் வாய்லயே போடுவான்" என்றாள். ஹூஸ்கோனென் அம்மாள், தோட்டாவை ஏற்ற இழுக்கும் போல்ட்டின் கைப்பிடி வலப் பக்கம் இருக்கிறது, ஆகவே சிப்பாயும் வலது கைக்காரன்தான், இதில் பேச என்ன இருக்கிறது என்றாள். பிறகு லெம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏன் கேக்கறீங்க, உங்க பையன் சோத்தாங்கைதானே? ஸ்கூல்ல அப்படித்தானே எழுதினான்?" ஆமாம் என்றேன். அது பொய் இல்லை, பள்ளிக்கூடத்தில் நீ வலது கையால்தான் எழுதினாய். எப்படி எழுதினாய் என்பது நமக்குத் தெரியும்.

இரண்டு கைக்கும் விரல் வைத்துப் பின்னிவிடலாமே என்று நீ கேட்கலாம், நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏரிப் பனிமேல் நடந்து அக்கரைக்குப் போய் வனக்காவலர் ரிஸ்ஸானெனைப் பார்த்தேன். உன் அப்பாவோடும் உன்னோடும் பத்து வருடம் வேட்டைக்குப் போனவர், அப்பா இறந்துவிட்ட பிறகு அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். காபி கொடுத்தார், பாதிக்கு மேல் சிக்கரி. நீ எந்தக் கையால் சுடுவாய் என்று கேட்டேன். அவர் நாயைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "எந்தக் கைன்னா... அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். எது இருக்கலாம் என்றேன். "பறவை விழுந்துச்சுன்னா நான் பறவையைத்தான் பார்ப்பேன், டீச்சர். பையனைப் பார்த்துட்டு நின்னா நாய் தின்னுடும்." அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாயின் குணம், நாயின் தாயின் குணம், இந்த வருடம் பனி எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் தெரிந்துகொண்டேன். நம் பக்கத்து மனிதர்களிடம் நேர்க் கேள்வி கேட்பது சுவரில் ஆணி அடிக்கப் பார்த்து விரலில் அடித்துக்கொள்வது மாதிரி. எழுந்து வரும்போதுதான் இரு கைக்கும் விரல் வைத்துப் பின்னுவதைப் பற்றிக் கேட்டேன். அதற்கு நேராகப் பதில் சொன்னார். தன் இடது கையை நீட்டினார், சுட்டுவிரல் நடுக்கணுவோடு முடிந்திருந்தது. இத்தனை வருடம் அதை நான் கவனித்ததே இல்லை. "மத்த மூணும் ஒண்ணா இருந்துச்சு, பொழைச்சுது. தனியா நின்னது போச்சு. சுடற விரல் அசைஞ்சுகிட்டே இருக்கும், அதுக்குப் பயமில்ல. சும்மா நிக்கிற கையில விரலைப் பிரிக்காதே" என்றார்.

ஆக, ஒரு கைக்குத்தான் விரல். தப்பான கைக்கு வைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் நன்றாக யோசித்துவிட்டேன். விரல் பிரியாத உறையோடு விசையைச் சுற்றிய வளையத்துக்குள் விரல் நுழையாது. நுழையாவிட்டால் நீ உறையைக் கழற்றுவாய். முப்பத்தெட்டில் வெறும் தோல் இரும்பைத் தொட்டால் இரும்பு அதைத் திருப்பித் தராது. இரண்டாவது ஜோடி பின்னவும் வழியில்லை. கடைகளில் டிசம்பர் முதல் நூல் இல்லை, இருந்ததெல்லாம் தையல் அறைக்குப் போய்விட்டது. நான் பின்னுவது உன் அப்பாவின் வேட்டை ஸ்வெட்டரைப் பிரித்த நூலில். முழங்கை இரண்டும் பூச்சி அரித்திருந்தது, நல்ல நூலாக ஒரு ஜோடிக்குத்தான் தேறியது. இரட்டை இழையாகப் பின்னியிருக்கிறேன். அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் அவர் உனக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்று நான் ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை. துப்பாக்கி எனக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டேன், நீங்கள் இருவரும் அதை ஏற்றுக்கொண்டீர்கள். சனிக்கிழமை மாலைகளில் இரண்டு பேரும் முகம் சிவந்து உள்ளே வருவீர்கள், சிரித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை வாசலிலேயே நிறுத்திவிட்டு வருவீர்கள். அது என்னவென்று நான் கேட்டதில்லை.

இதை எழுதாமல் விட்டுவிடலாம், ஆனால் எழுதுகிறேன். உனக்கு ஏழு வயது. முதல் வருடம். நீ இடது கையில் பென்சில் பிடிக்கிறாய் என்று ஆரம்பப் பள்ளி ஆசிரியை சொல்லியனுப்பினாள். அவள் சொன்னதைவிட ஒரு படி மேலே போனவள் நான். இரவுக் கஞ்சி ஆனதும் மேசையில் உட்காரவைத்து, உன் இடது கையில் உன்னுடைய கையுறையையே மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் கட்டினேன். தினம் ஒரு மணி நேரம், நவம்பரிலிருந்து ஏரிப் பனி உடையும் வரை. நீ அழவில்லை. ஒரு நாளாவது அழுதிருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பேன், ஆனால் அதை இப்போது சொல்வது சுலபம். உன் அப்பா அந்த ஒரு மணி நேரமும் விறகு பிளக்கப் போய்விடுவார். அந்தக் குளிர்காலத்தில் நம் வீட்டில் இருந்தது போல விறகு எந்தக் குளிர்காலத்திலும் இருந்ததில்லை. அந்தக் காலத்தில் படித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம் என்று எழுதினால் அது உண்மைதான், ஆனால் அது பதில் ஆகாது. நான் அளவுகளை நம்புகிறவள், பிறர் சொல்வதை எளிதில் நம்பாதவள் என்று பெயர் எடுத்தவள். அந்த ஒன்றை மட்டும் எந்தச் சோதனையும் இல்லாமல் நம்பினேன். வசந்தத்தில் நீ வலது கையால் அச்சுப் போல எழுதினாய், நான் அதைச் சாதனை என்று நினைத்தேன்.

ஜனவரி இரண்டாம் தேதிக் கடிதத்தில் உன்னை இதை நேராகவே கேட்டேன். உன் பதில் நேற்று வந்தது. சுகம், குளிர் பரவாயில்லை, காலுறை கிடைத்தது. மூன்று வரி. எப்போதும் மூன்று வரிதான், அதனால் கேள்வி உன் கண்ணில் பட்டதா இல்லையா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. குறை சொல்லவில்லை, நானும் உனக்கு நீளமாக எழுதியவள் இல்லை. இன்றைய கடிதம் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

கடைசியில் மாதிரித்தாளின்படியே பின்னிவிட்டேன், விரல் வலது கைக்கு. படையில் உன்னைத் திரும்பவும் மாற்றியிருப்பார்கள், நான் ஏற்கெனவே பாதி வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறேனே. பெரும்பான்மைக் கணக்குப்படி அதுதான் சரி. ஆனால் பெரும்பான்மைக் கணக்கு ஒரு ஆளைப் பற்றி எதுவும் சொல்லாது, அதுவும் எனக்குத் தெரியும். மணிக்கட்டுப் பட்டையில் உன் பெயரெழுத்துகளைச் சிவப்பு நூலில் பின்னியிருக்கிறேன், மற்றவர்களுடையதோடு கலந்துவிடாமல் இருக்க.

பொட்டலத்தில் மீன் வைத்துச் சுட்ட ரை தானிய ரொட்டி ஒன்று இருக்கிறது, உறைந்திருக்கும், கோடாலியால் பிளந்து அடுப்பருகே வைத்துச் சாப்பிடு. உன் அப்பா ஏன் துப்பாக்கியை எப்போதும் வெளிக் கொட்டகையிலேயே வைத்தார் என்று ரிஸ்ஸானெனைக் கேட்டேன். என் கண்ணில் படக்கூடாது என்றுதான் வைக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சூட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும், திரும்ப வெளியே போனால் அந்த வியர்வை போல்ட்டுக்குள் உறைந்து பூட்டிக்கொள்ளும் என்றார். இது உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தாலும் சொல்கிறேன், கூடாரத்துக்குள் கொண்டு போகாதே, கிளையில் மாட்டி வை. எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடு, மண்ணெண்ணெய் கிடைத்தால் அதில் நனைத்த துணியால் ஒரு தடவை. காலுறை ஈரமானால் வயிற்றோடு வைத்துக் காயவை, நெருப்பில் காட்டாதே. வெறும் வயிற்றில் காவலுக்கு நிற்காதே. யாராவது சிகரெட்டுக்குப் பதிலாகச் சர்க்கரை கொடுத்தால் வாங்கிக்கொள்.

எனக்குக் கடவுளிடம் என்ன உறவு என்பது உனக்குத் தெரியும், அதனால் பெரிய வார்த்தைகள் எழுதவில்லை. ஆனாலும் தினமும் வெப்பமானியைப் படித்து முடித்ததும் உன் பெயரையும் ஒரு தடவை சொல்கிறேன். அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள். முழுதாக இரு, முழுதாகத் திரும்பி வா.

உன் அம்மா,
சைமி

18 ஜனவரி, வியாழன், மதியம் பன்னிரண்டே கால்

கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. ஹுட்டுனென் நம் சமையலறையில் உட்கார்ந்து பட்டாணி சூப் குடிக்கிறான், இரண்டாவது கிண்ணம். அவன் குடித்து முடிக்கும்வரை எனக்கு நேரம் இருக்கிறது, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொன்றரைக்கு வந்தான். வாசலிலேயே நின்று, "நீங்க எனக்குக் கணக்குல நாலு போட்டீங்க, டீச்சர். நாலு வாங்கினவனுக்கு சூப் உண்டா?" என்றான். அப்படிச் சொன்ன பிறகுதான் முகம் நினைவுக்கு வந்தது, இரண்டாம் வகுப்பு, சன்னலோர பெஞ்சு. நாலுக்குக் குறைந்த மதிப்பெண் கிடையாது, இல்லாவிட்டால் அதையும் போட்டிருப்பேன் என்றேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து ரொட்டிப் பெட்டியில் கிழித்த அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான், பின்புறத்தில் பட்டியல். கூடாரத்து ஆட்கள் வாங்கிவரச் சொன்னவை: சவரக் கத்தி, புகையிலை, மெழுகுவர்த்தி, தடித்த ஊசி, பல்வலிக்கு ஏதாவது. வாங்கியதை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தான். எழுத்து இடப் பக்கம் சாய்ந்து, வேகமாக, காற்றில் ஒரே பக்கம் படுத்த புல் மாதிரி இருந்தது. எழுதியவன் ஒரு இடத்தில்கூட அடித்துத் திருத்தவில்லை. ஆசிரியைப் பழக்கத்தில், கையெழுத்து நன்றாக இருக்கிறதே, யார் எழுதியது என்று கேட்டேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். "என்ன டீச்சர், சொந்தப் பையன் எழுத்து தெரியலையா?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தான். உன் வலது கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். "கைக்கு ஒண்ணும் ஆகல. நான் கிளம்பின அன்னிக்குக்கூட மரம் வெட்டினான், ரெண்டு கையும் இருந்துச்சு. அவன் எப்பவும் அப்படித்தான் எழுதுவான். கூடாரத்துல யாருக்குக் கடுதாசி எழுதணும்னாலும் அவன்தான், நாங்க சொல்லச் சொல்ல எழுதிடுவான், அவ்ளோ வேகம். உங்களுக்கு எழுதறப்பதான் கை மாத்துவான். அன்னிக்கு எல்லாரையும் அதட்டுவான், 'பேசாதீங்கடா, அம்மாவுக்கு எழுதறேன்'னு. மூணு வரிக்கு ஒரு மணி நேரம். நாக்கு வெளிய வந்துடும்."

இதை அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். நான் எழுந்து அடுப்பில் ஒரு விறகு வைத்தேன், அடுப்புக்கு அது தேவைப்படவில்லை. எழுதும் கையும் சுடும் கையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஆகவே திரும்பி வந்து அதையும் கேட்டேன். "துப்பாக்கியா? இடது தோள்தான். சார்ஜென்ட் மாத்தப் பார்த்தார். அவன் சுட்டதைப் பார்த்துட்டு விட்டுட்டார். போல்ட் இழுக்கறப்ப மட்டும் கை மாத்துவான், சுட்ட காலித் தோட்டா அவன் மூக்குக்கு நேரா பறக்கும். மூக்கைச் சுட்டுக்கிட்டே சண்டை போடற ஒரே ஆளுன்னு கேலி பண்ணுவோம்" என்றான். உன் அப்பா இப்படித்தான் கற்றுக்கொடுத்தாராம், நீயே சொன்னாயாம்.

அப்போது மணி பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம். கையுறைகள் மேசைமேல் இருந்தன, விரல் வலது கையில். பிரித்துப் பின்ன இரண்டு நாள் வேண்டும், ஒரு மணிக்கு லாரி. ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். பிறகு, இருபத்து மூன்று வருடமாக ஆறாம் வகுப்புக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டும் ஒன்று நினைவுக்கு வந்தது. வலது கை உறையை எப்படிச் சுற்றினாலும் புரட்டினாலும் இடது கைக்குப் பொருந்தாது. உள்ளை வெளியாகத் திருப்பினால் மட்டும் பொருந்தும். பின்னிக்கொண்டிருந்த ஏழு நாளும், இருபது பெண்களிடமும் ரிஸ்ஸானெனிடமும் கேட்டுக்கொண்டு அலைந்தபோதும், ஒரு தடவைகூட இது எனக்குத் தோன்றவில்லை. பாடத்தில் இருப்பது கையில் வருவதில்லை போலிருக்கிறது, என் கையிலாவது.

இரண்டையும் திருப்பினேன். சுட்டுவிரல் வெளியே வர மறுத்தது, பென்சிலின் மொட்டை முனையால் தள்ளினேன். ஹுட்டுனென் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் இடது கையில் போட்டுப் பார்த்தான், விரலை மடக்கினான், நீட்டினான். "இது கணக்கா, டீச்சர்?" என்றான். கணக்குதான் என்றேன். "இதை நீங்க அன்னிக்கே காட்டியிருந்தா நான் அஞ்சாச்சும் வாங்கியிருப்பேன்" என்றான்.

அவன் கோட்டு மாட்டுகிறான், நிறுத்த வேண்டும். உன் பெயரெழுத்துகள் இப்போது உள்பக்கம் போய்விட்டன, மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெளியே தெரிவது சொரசொரப்பான பக்கம், நூல் முடிச்சுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அழகுக்காக மறுபடி திருப்பிவிடாதே. எனக்கு எழுதும்போது கை மாற்றாதே. படிக்கப் பழகிக்கொள்வேன்.

அம்மா